செம்மண் கழகம் ஒருவரை நீக்கிய வரலாறு

ஆண்டிமடம் செம்மண் கால்பந்துக் கழகத்தின் ஆபீசுக்குள் யார் நுழைந்தாலும் முதல் காரியமாக ஒரு பொன்னாடை போர்த்துவார்கள். தண்ணீர் கேன் போட வந்தவருக்குக் கேனோடு சேர்த்துப் போர்த்தியிருக்கிறார்கள். மின்கட்டணம் கட்டாததற்காக ஃபியூஸ் பிடுங்க வந்தவருக்கும் போர்த்தி, படம் எடுத்து, இருட்டில் கைதட்டியிருக்கிறார்கள். வந்தவர் கிளம்பும்போது செயலாளர் முத்தமிழ் வாசல்வரை வந்து, அதே பொன்னாடையைப் பணிவோடு உருவி மடித்து, அடுத்து வருபவருக்காக வைத்துக்கொள்வார். கழகத்துக்கு இருந்தது ஒரே பொன்னாடை. அதில் தாலுகாவின் பாதி வேர்வை ஊறியிருந்தது.

பழனிவேல் அன்று அதைத் தோளில் வாங்கிக்கொண்டபோது மூச்சை அடக்கிக்கொண்டார். ஓய்வுபெற்ற அரசு பஸ் டிரைவர் அவர். நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டிரைவரய்யா, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் தலைவர் கோகுலகிருஷ்ணன். "கவலையே படாதீங்க. கோர்ட்டு ஆயிரம் சொல்லட்டும். ரஞ்சித்து நம்ம புள்ள. தண்டனை வாங்கிட்டாங்கிறதுக்காக அவன நாங்க நீக்கவே மாட்டோம்."

"நீக்குங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

தலைவர் முத்தமிழைப் பார்த்தார். இப்படி ஒரு கோரிக்கையைக் கழகம் கண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாத முத்தமிழ், "இன்னொரு தடவை போர்த்தவாங்கய்யா?" என்று கேட்டார்.

நடந்தது ஊருக்கே தெரியும். அரையிறுதியில் கழகம் ஜெயித்தது. இரண்டு கோல் போட்டவன் பழனிவேலின் மகன் ரஞ்சித்குமார். அன்று சாயங்காலம் தலைவரின் பாரில் கொண்டாட்டம். மதுக்கடையை ஒட்டிய அந்தப் பாரை ஏலம் எடுத்து நடத்துபவர் தலைவர்தான். ஆனால் விளையாட்டு வேறு, வியாபாரம் வேறு என்ற கொள்கை உடையவர் என்பதால், கழகத்தின் சட்டையில் 'கோகுலம் சோடா' என்று மட்டுமே அச்சிட்டிருந்தார். அந்தச் சட்டையோடு ரஞ்சித்குமார் பைக்கை எடுத்தான். வரதராஜன்பேட்டை ரோட்டில், முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிவிட்டுக் கூடையோடு வந்துகொண்டிருந்த பாப்பாயியின் மேல் ஏற்றினான். அவளுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துபோனது. போலீஸ்காரர் கருவியை நீட்டி ஊதச் சொல்லிவிட்டு, அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கோர்ட்டில் ரஞ்சித்குமார் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அபராதம் போட்டார்கள். லைசென்சை முடக்கினார்கள்.

பழனிவேலுக்கு அபராதம் பெரிதாகத் தெரியவில்லை. அவருடைய அப்பா அடுத்தவன் கொல்லையில் கூலிக்கு முந்திரி பொறுக்கியவர். பாட்டனுக்கு அந்தக் கொல்லையின் வரப்பில் உட்காரக்கூட அனுமதி இருந்ததில்லை. அந்தக் குடும்பத்தின் முதல் காக்கிச் சட்டை பழனிவேலுடையது. டிப்போவில் டியூட்டி எடுக்குமுன் ஊதிக்காட்டச் சொல்வார்கள். பழனிவேல் ஊதினால் கருவிக்குத் தூக்கம் வந்துவிடும் என்று கண்டக்டர்கள் கேலி செய்வார்கள். அவர் பஸ்ஸில் ஏறிய ஒரு கோழிக்குக்கூட இறகு உதிர்ந்ததில்லை. அந்த வீட்டிலிருந்து ஒருவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, முந்திரி பொறுக்குகிற ஒருத்தியின் காலை முறித்துவிட்டான்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் பாப்பாயியின் கட்டிலருகே அவர் நின்றபடியே பேசினார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தங்கச்சி, நீ கால ஊனி நடக்கிறவரைக்கும் எம் மவன் காலு பந்துல படாது. இது என் வார்த்தை."

பாப்பாயி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "உங்க வார்த்தைய ஒலையில போட்டா கஞ்சி ஆவாது, டிரைவரண்ணே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் சொல்லிட்டீங்க. சொல்றதுக்கும் ஒரு ஆளு வேணுமில்ல. பாப்போம்" என்றாள்.

அந்த 'பாப்போம்' அவரைத் தூங்கவிடவில்லை. அதைச் சுமந்துகொண்டுதான் கழகத்துக்கு வந்திருந்தார்.

"நீக்குறதுங்கறது சாதாரண விஷயமில்லைங்க" என்றார் கோகுலகிருஷ்ணன். "ஒரே ஃபவுலுக்கு ரெண்டு ரெட் கார்டு உண்டா? கோர்ட்டு ஒண்ணு காட்டிருச்சு. நாங்களும் ஒண்ணு காட்டுனா அது மனிதாபிமானமா? இன்னொண்ணு பாருங்க. குத்தம் நடந்தது ஹைவேல. நம்ம அதிகாரம் எல்லைக்கோட்டோட முடிஞ்சிருது. கோட்டுக்கு வெளிய பந்து போனா யாராச்சும் உதைக்கிறாங்களா? கோட்டுக்கு வெளிய ஆளு போனாலும் அப்படித்தான்."

"கோட்டுக்கு வெளிய போனவன் உங்க சட்டையப் போட்டுக்கிட்டுத்தானே போனான்?"

"நம்பரு முதுகுப் பக்கந்தான்யா இருக்கு" என்று முத்தமிழ் குறுக்கிட்டார். "எதிர்க்க வந்தவங்களுக்கு நம்ம ஆளுன்னு தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல."

தலைவர் எழுந்து நின்றார். அறையில் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஆனாலும் அவர் பேச ஆரம்பித்தால் நின்றுதான் பேசுவார்.

"ஒழுக்கத்துல நம்ம கழகத்த அடிச்சுக்க ஆள் கிடையாது, டிரைவரய்யா. மேட்ச்சுக்கு முன்னாடி ஒருத்தன் ஒரு சொட்டு தொடமாட்டான். நானே ஷட்டர இறக்கிருவேன். மேட்ச் முடிஞ்சப்புறம்தான். அதுவும் வெளிய போயிக் கெட்டுப்போயிரக் கூடாதுன்னு, என் கண்ணு முன்னால, என் பார்லயே. ஒரு தகப்பன் மாதிரி நானே ஊத்திக் குடுக்கறேன். இதவிட ஒரு கழகம் என்ன செய்யணும்?"

அவர் கண் கலங்கிவிட்டது. முத்தமிழ் கைதட்டினார். பழனிவேல் எழுந்தார். வாசலில் பொன்னாடை உருவப்பட்டது.

நீக்காவிட்டால் போகட்டும், மகனே விலகிக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டு மறுவாரம் போனார். இம்முறை ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தலைவர் செல்லக்கண்ணுவையும் வரவழைத்திருந்தார்கள். அவர் செந்துறையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். கார் இருக்கிறது. லைசென்ஸ்தான் இல்லை. காரணம், அவருக்கும் இதே கேஸ்.

"ராஜினாமா பண்றதுக்கு நன்னடத்தை வேணுங்க" என்றார் செல்லக்கண்ணு, நெற்றியைத் துடைத்தபடி. "தண்டனை வாங்குனவரு ராஜினாமா பண்ண முடியாது. விதி இருக்கு."

"அப்ப நடத்தை சரியில்லன்னு நீக்குங்க."

"நடத்தை சரியில்லன்னு குழு சொல்லணும். குழுவுல அஞ்சு பேரு. அதுல மூணு பேருக்கு இதே கேஸ். தன்னோட கேஸ்ல தானே தீர்ப்பு சொல்லக் கூடாது. அது இயற்கை நீதி."

"மீதி ரெண்டு பேரு?"

"அவங்க குடிக்கிறதில்லைங்க" என்றார் செல்லக்கண்ணு வருத்தத்தோடு. "இந்த விஷயத்துல அவங்களுக்கு அனுபவமே கிடையாது. விவரம் தெரியாதவங்கள வெச்சுத் தீர்ப்பு சொன்னா நாளைக்கு நம்மளக் கேள்வி கேப்பாங்க."

பழனிவேல், வாழ்நாளில் எந்த அதிகாரியிடமும் செய்யாத காரியத்தைச் செய்தார். எழுந்து, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தம்பி, நான் ஒரு பொம்பளைக்கு வார்த்தை குடுத்துட்டேன். அவ இன்னும் கட்டில்ல கெடக்கறா. எம் மவன நீங்க வெச்சுக்கிட்டா, எங்க குடும்பத்துல யாருக்கும் இனிமே வாய் தொறக்கத் தகுதி இல்லாமப் போயிரும். தயவுபண்ணி அவன வெளிய அனுப்புங்க."

அந்தக் கைகளை முத்தமிழ் செல்போனில் படம் எடுத்தார். அடுத்த நாள் ஆண்டிமடம் கடைவீதியில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் முளைத்தது. 'மகனுக்காகக் கழகத்துக்கு நன்றி தெரிவிக்கும் தந்தை' என்று அதில் எழுதியிருந்தது. கூப்பிய கைகள் பெரிதாக இருந்தன, தலைவர் அதைவிடப் பெரிதாக இருந்தார்.

வீட்டில் ரஞ்சித்குமார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். சாப்பிடவில்லை.

"விலகிட்டேன்னு சொல்லிட்டு வூட்ல இருடா."

"விலகுனா தலைவரு சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடமாட்டேங்கறாருப்பா. அது இல்லன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டா போயிரும். வேலையும் போயிரும்."

"போவட்டும்."

"எனக்கு மட்டும் அந்த அக்கா மொகம் மறந்துருச்சுன்னு நெனைக்கிறீங்களா? கண்ண மூடுனா கூடை உருளுதுப்பா."

"அப்ப ஆடாத."

அவன் அம்மா ரெங்கம்மாள் நடுவில் வந்தாள். அன்றாடம் பாப்பாயிக்குச் சோறு எடுத்துக்கொண்டு போகிறவள் அவள்தான். "ஏங்க, சோத்துல கை வெச்சவனப் போயி…" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். லைசென்ஸ் இல்லாத பையனுக்காகக் கழகம் வாசலுக்கே கார் அனுப்பியிருந்தது. காரின் கண்ணாடியில் 'கோகுலம் சோடா'. ஹாரன் அடித்தார்கள். அவன் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான்.

இதற்கிடையில், மக்கள் ஏதோ பேசிக்கொள்கிறார்கள் என்று கழகத்தின் காதுக்கு எட்டியது. உடனே கழகம் 'குடித்துவிட்டு வாகனம் ஓட்டாதீர்' என்று விழிப்புணர்வு பைக் பேரணி நடத்தியது. விழிப்புணர்வுத் தூதுவர் ரஞ்சித்குமார். 'துறையில் நேரடி அனுபவம் பெற்றவர்' என்று பேனரில் அவன் பெயருக்குக் கீழே போட்டிருந்தார்கள். திறந்த ஜீப்பில் மாலையோடு நிறுத்தினார்கள். பையன் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றான். நாலு ரோட்டில் நின்று பழனிவேல் அதைப் பார்த்தார். ஊரில் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரைக் கடந்து போகும்போது செருப்பைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

போகும்போது பேரணி ஒழுங்காகத்தான் போனது. நடுவில் தலைவரின் பாரில் சோடா குடிக்க நிறுத்தினார்கள். திரும்பி வந்த பேரணிக்கு ரோட்டின் அகலம் போதவில்லை. 'நிதானமே உயிர்' என்ற பலகையைப் பிடித்திருந்தவர் பலகையோடு வாய்க்காலில் இறங்கினார். 'இது செயல்முறை விளக்கம்' என்று முத்தமிழ் மைக்கில் அறிவித்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைவர் ஜீப்பில் ஏறிப் பேசினார்:

"குடி குடியைக் கெடுக்கும் என்று போட்டுவிட்டுத்தான் நாங்களே விற்கிறோம். மறைத்து விற்பவன் அல்ல இந்தக் கோகுலகிருஷ்ணன்!"

இறுதிப் போட்டி நெருங்கியது. பெரம்பலூர் அணியோடு ஆட்டம். பாப்பாயி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். காலில் மாவுக்கட்டு அப்படியே இருந்தது. கட்டைப் பிரிக்கும்வரை காலைத் தரையில் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழனிவேல் கடைசி முயற்சியாகத் தலைவரின் வீட்டுக்கே போனார். திட்டவில்லை. தன் வார்த்தையைச் சுருக்கிச் சொன்னார்: அந்தம்மா கால் ஊனாமல் என் மகன் கால் பந்தில் படக்கூடாது.

தலைவர் முதல்முறையாகக் கவனமாகக் கேட்டார். "கால் ஊனணும். அவ்வளவுதானே?" என்றார். "மொதல்லயே இப்படித் தெளிவாச் சொல்லியிருந்தா நாங்க செஞ்சு குடுத்திருக்க மாட்டமா? உங்க மானம் எங்க மானம் இல்லையா? நிம்மதியாப் போயிட்டு வாங்க."

பழனிவேல் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சை நம்பப் பார்த்தார். அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார் என்று ரெங்கம்மாள் பிற்பாடு சொன்னாள்.

இறுதிப் போட்டி அன்று மகனைக் கார் வந்து அழைத்துப்போனதும்தான் அவருக்குச் சந்தேகம் தட்டியது. மைதானத்துக்கு விறுவிறுவென்று நடந்தார். பந்தல், பேனர், நாற்காலி, கூட்டம். நடுவட்டத்தில், பந்து வைக்கிற இடத்தில், ஒரு ஆட்டோ நின்றது. அதற்குள் பாப்பாயி உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் மாலை. மேலே அந்தப் பொன்னாடை.

மைக்கில் முத்தமிழின் குரல் கணீரென்று ஒலித்தது. "இன்றைய சிறப்பு விருந்தினர், விபத்துப் புகழ் திருமதி பாப்பாயி அவர்கள் ஆட்டத்தைத் தொடங்கிவைப்பார்! மாவீரன் ரஞ்சித்குமாரின் தந்தை கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பொருட்டு, அம்மையார் இப்போது தன் பொற்பாதத்தைத் தரையில் ஊன்றுவார்!"

செல்லக்கண்ணுவும் இன்னொருவரும் இரண்டு பக்கமும் பிடித்து அவளை ஆட்டோவிலிருந்து இறக்கினார்கள். மாவுக்கட்டோடு அந்தக் காலைப் பிடித்துச் செம்மண்ணில் அழுத்தினார்கள். பாப்பாயி போட்ட சத்தத்தில் பெரம்பலூர் கோல்கீப்பர் காதைப் பொத்திக்கொண்டான்.

"பட்டுவிட்டது!" என்றார் முத்தமிழ். "பாதம் தரையில் பட்டுவிட்டது! வாக்குக் காப்பாற்றப்பட்டது!"

கூட்டம் கைதட்டியது. தலைவர் பந்தலிலிருந்து பழனிவேலைப் பார்த்துக் கையசைத்தார், ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்டவரைப் போல.

பழனிவேல் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. செல்லக்கண்ணுவைத் தள்ளிவிட்டுப் பாப்பாயியின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தாங்கினார். அவள் உதடெல்லாம் வெளுத்திருந்தது.

"ஏன் தங்கச்சி வந்த? இவனுவ கூப்ட்டா வந்துருவியா?"

"இவனுவ கூப்ட்டா நான் ஏன் வரேன்?" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "டிரைவரண்ணன் வரச் சொன்னாருன்னு சொன்னானுவ. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமுன்னு வந்தேன்."

பழனிவேல் சுற்றும் முற்றும் பார்த்தார். பத்தடி தூரத்தில் சோடா சட்டையோடு ரஞ்சித்குமார் நின்றிருந்தான். அவன் ஒரு எட்டு எடுத்து வைத்தான். "ரஞ்சித்து, பொசிஷனுக்குப் போ!" என்று பந்தலிலிருந்து தலைவர் கத்தினார். பையன் அப்பாவைப் பார்த்தான், பந்தலைப் பார்த்தான். நின்றான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு இடது ஓரத்துக்கு நடந்தான்.

ஆட்டக்காரர் அல்லாத ஒருவர் செருப்புக்காலோடு ஆடுகளத்தில் நுழைந்ததையும், சிறப்பு விருந்தினரை நிகழ்ச்சியின் நடுவே அப்புறப்படுத்த முயன்றதையும் கழகத்தால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஒழுங்கு நடவடிக்கைக் குழு நடுவட்டத்திலேயே நின்றவாக்கில் கூடியது. ஐந்து பேரும் இருந்தார்கள். கேஸ் இருந்த மூவரும் பேசினார்கள், குடிக்காத இருவரும் பேசினார்கள். எல்லாருக்கும் இந்த விஷயத்தில் போதிய விவரம் இருந்தது. உறுப்பினர் அல்லாதவரை நீக்க விதியில் இடமில்லையே என்று செல்லக்கண்ணு மட்டும் ஒரு சட்டச் சிக்கலைக் கிளப்பினார். அதனால் பழனிவேலை முதலில் கௌரவ உறுப்பினராகச் சேர்த்தார்கள். பாப்பாயியின் தோளிலிருந்து பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். பிறகு ஆயுள் முழுவதும் நீக்கினார்கள். முத்தமிழ் பொன்னாடையை உருவி மடித்துக்கொண்டார். நடுவர் விசில் ஊதுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பாப்பாயியைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தார் பழனிவேல். டிரைவர் அமாவாசை சீட்டில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். பந்தலில் அவனுக்கும் சோடா கொடுத்திருந்தார்கள். அவன் மூச்சு இரண்டடி தள்ளி நின்றவருக்கே எட்டியது.

"எறங்குடா."

"மாமா, நான் சும்மா பூ மாதிரி ஓட்டுவேன்…"

"எறங்குன்னேன்ல."

அமாவாசை இறங்கி, புல்லில் உட்கார்ந்து, கைதட்ட ஆரம்பித்தான். பழனிவேல் சீட்டில் ஏறினார். பஸ் ஓட்டியவருக்கு அந்த இடம் குறுகலாக இருந்தது. ஹாண்டில்பாரைப் பிடிக்க முதுகை வளைத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. வளைத்தார். வண்டி மைதானத்தை விட்டு வெளியேறி, பேனர்களைத் தாண்டி, அவருடைய கூப்பிய கைகளையும் தாண்டி, முந்திரிக்காட்டு ரோட்டில் ஏறியது.

பின்னாலிருந்து ஒரு பெரிய ஆரவாரம் கேட்டது. வேட்டுச் சத்தம். மைக்கில் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது அவர் வைத்த பெயர்தான்.

"உங்க மவன்தான் போட்டிருக்கான்போல" என்றாள் பாப்பாயி.

அவர் கண்ணாடியில்கூட அவளைப் பார்க்கவில்லை.

வண்டி கொஞ்ச தூரம் போனது. காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, வலிக்கு நடுவே அவள் திரும்பவும் பேசினாள்.

"எத்தினி தடவ அலஞ்சீங்க, பாவம். யாரையாச்சும் நீக்கு நீக்குன்னு. கடைசில நீக்க வெச்சுட்டீங்களே, டிரைவரண்ணே."

முன்னால் ரோட்டில் வேகத்தடை தெரிந்தது. பழனிவேல் வண்டியின் வேகத்தைக் குறைத்து, மேலும் குறைத்து, முன்சக்கரத்தை அதன்மேல் மெல்ல ஏற்றினார்.

"மேடு வருது" என்றார். "கால நல்லாப் புடிச்சுக்க, தங்கச்சி."